ஸ்கேன் நார்மல், தலைவலி நிற்கவில்லை: மூளை அதிர்ச்சிக்குப் பின் படைவீரருக்குத் தேவைப்படும் பல்துறை மறுவாழ்வு

தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை, மண்டையோட்டில் முறிவு இல்லை, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வரும். உடனடி ஆபத்து இல்லை என்பதை அந்தத் தாள் உறுதிப்படுத்துகிறது. அந்த அளவில் அது பெரிய செய்திதான். ஆனால் ஆறு மாதம் கடந்த பிறகும் அவருக்குத் தலைவலி விடவில்லை, இரவில் உறக்கம் பிடிக்கவில்லை, பேருந்து நிலையத்தின் இரைச்சலில் சற்று நேரம் நிற்க முடியவில்லை, கையில் கொண்டுபோன பையை எங்கே வைத்தோம் என்பது நினைவில் இல்லை என்றால், அவற்றைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்வதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ராணுவத்திலும் துணை ராணுவப் படைகளிலும் பணிபுரிகிறவர்களின் வீடுகளில் இந்த நிலையைக் கண்டு திகைத்து நிற்பவர்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது.

புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான். இந்தத் தொல்லைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. ஆகவே ஒரே மருத்துவரால் அவை தீர்வதும் அரிது. அதற்காகப் பல மருத்துவர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் பல்துறை மறுவாழ்வு ஆகிவிடாது. பல துறையினர் ஒரே ஆளை ஒரே கோப்பின் வழியாகப் பார்த்து, தமக்குள் கலந்து பேசி, ஒரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு, எதை முதலில் செய்வது எதைப் பிறகு செய்வது என்று முறை வகுத்துச் செயல்படுவதுதான் பல்துறை மறுவாழ்வு.

அடிபட்ட நேரத்தில் நடப்பது

கன்கஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மூளை அதிர்ச்சி, தலைக்காயங்களில் லேசான வகையில் சேர்க்கப்படுகிறது. மயங்கிச் சுயநினைவு இழந்திருந்தால் அது 30 நிமிடத்துக்கு மேல் நீடித்திருக்கக் கூடாது. அடிபட்டதை ஒட்டிய நிகழ்வுகள் மறந்துபோகும் நிலை 24 மணி நேரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. விழிப்புநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15க்கு 13 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். நினைவே தப்பாமல், சிறிது நேரம் திக்குத் திசை தெரியாமல் நின்றிருந்தாலும் அது மூளை அதிர்ச்சியே. இந்த வகைப்பாடு அடிபட்ட அன்றைய நிலையைத்தான் சொல்கிறது. பின்னால் எத்தனை நாள் படுத்தும் என்பதை அதிலிருந்து கணிக்க முடியாது.

மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலை சட்டென்று சுழன்றாலோ, ஓடும் வேகத்தில் திடீரென நிறுத்தப்பட்டாலோ, மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அந்த ஏற்றத்தாழ்வில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சீர்குலைவைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிற அதே வேளையில் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. முதல் சில நாட்களில் காணப்படும் மந்தநிலைக்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். சி.டி. ஸ்கேன் கசிந்த ரத்தத்தையும் உடைந்த எலும்பையும் காட்டும்; அணுக்களுக்குள் நடக்கும் இந்தத் தடுமாற்றத்தைக் காட்டாது.

படைவீரருக்கு இதனுடன் வெடியின் தாக்கமும் சேர்கிறது. புதைத்து வைத்த வெடிப்பொருள் வெடிக்கும்போது முதலில் அழுத்த அலை உடலை ஊடுருவிச் செல்கிறது. அடுத்து கல்லும் உலோகத் துண்டுகளும் சிதறி வந்து தாக்குகின்றன. மூன்றாவதாக ஆளே தூக்கியெறியப்பட்டு வண்டியின் கூரையிலோ பாறையிலோ மோதுகிறார். ஆகவே வெடியில் சிக்கிய ஒருவரின் தலைக்காயம் எந்த வழியாக வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்தாவ் போன்ற ஆயுதங்களையும் பீரங்கிகளையும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சுடுகிறவர்களுக்கு, ஒரு முறைகூட மயங்கி விழாமலேயே, சிறிய அழுத்த அலைகள் சேர்ந்து பாதிப்பு உண்டாகிறதா என்ற ஆய்வும் இப்போது தீவிரமாக நடக்கிறது.

1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில், குண்டுவெடிப்புக்குப் பின் வீரர்களிடம் தோன்றும் 'ஷெல் ஷாக்' எனப்பட்ட பாதிப்பைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே, இது மூளையின் காயமா மனத்தின் காயமா என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நூறாண்டு கழித்து, 2016இல், டேனியல் பெர்ல் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் வெடியில் சிக்கியிருந்த சில வீரர்களின் மூளையை அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து, மூளைத் திசுவும் திரவமும் சந்திக்கும் எல்லைகளில் தனித்தன்மையுள்ள தழும்புகளைக் கண்டார்கள். உயிரோடிருப்பவரின் வழக்கமான ஸ்கேனில் அவை தெரிவதில்லை. என் எண்ணத்தில், வீட்டில் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்த வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூளைக்கும் மனத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்கிவிடலாம்.

போர்க்களத்தில்தான் இது நேரும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கப் படைகளில் 2000ஆம் ஆண்டு முதல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தலைக்காயம் கண்டறியப்பட்டிருக்கிறது. அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் லேசான வகை, பெரும்பான்மையானவை பயிற்சியிலும் வாகன விபத்திலும் விளையாட்டிலும் வழுக்கி விழுந்ததிலும் நேர்ந்தவை. லீவில் வந்த இடத்தில் தொப்பூர் கணவாயில் பைக்கோடு விழுந்த வீரருக்கும் இதே மறுவாழ்வுதான் பொருந்தும்.

சிலருக்கு மட்டும் ஏன் நீடிக்கிறது

பெரும்பாலானோருக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், கூடிப்போனால் மூன்று மாதத்துக்குள், எல்லாம் சரியாகிவிடுகிறது. ஒரு பகுதியினருக்கு மட்டும் தொல்லைகள் நீடிக்கின்றன. படைவீரர்களிடம் இது ஏன் சிக்கலாகிறது என்பதற்கு 2008இல் சார்லஸ் ஹோக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நல்ல திறவுகோல். ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கத் தரைப்படை வீரர்களிடம், திரும்பிய மூன்று நான்கு மாதங்களில், அவர்கள் விவரம் கேட்டார்கள். தலையில் அடிபட்டுச் சுயநினைவு இழந்தவர்களில் 43.9 விழுக்காட்டினருக்கு, கொடும் நிகழ்வின் நினைவு மனத்தை விடாமல் அலைக்கழிக்கும் பி.டி.எஸ்.டி. எனப்படும் மனஅழுத்தக் கோளாறின் அறிகுறிகள் இருந்தன. அந்தக் கோளாறையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி அலசியபோது, தலைவலி ஒன்றைத் தவிர மற்ற உடல் தொல்லைகளுக்கும் தலைக்காயத்துக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை.

இதை "எல்லாம் மனப்பிரமை" என்று படிப்பவர் தவறாகப் படிக்கிறார். உறக்கமின்மை, எரிச்சல், கவனக்குறைவு, மறதி ஆகியவை தலைக்காயத்தாலும் வரும், அந்த மனஅழுத்தக் கோளாறாலும் வரும், தீராத கழுத்துவலியாலும் வரும், நீண்ட நாள் உறக்கக் கேட்டாலும் வரும். ஒரே வீரரிடம் இவை நான்கும் ஒருங்கே இருக்கக்கூடும். எந்தத் தொல்லைக்கு எது காரணம் என்று ஒரு மருத்துவர் தம் அறையில் தனியாக உட்கார்ந்து பிரித்துவிட முடியாது என்பதே அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஒரு பை நிறையச் சீட்டுகள்

பர்கூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த, மதராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியாளர் படைப்பிரிவின் ஹவில்தார் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மலைப்பாதையில் வண்டி உருண்டதில் தலை கதவுக் கம்பியில் மோதியது. சிறிது நேரம் நினைவில்லை. மாதங்கள் கழித்து லீவில் வந்திருக்கும் அவர் மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். சி.டி. பிலிம். பவர் இல்லை என்று கண் மருத்துவர் எழுதிய சீட்டு. தலைசுற்றலுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிய மாத்திரை. கழுத்துவலிக்கு எலும்பு மருத்துவர் எழுதிய மாத்திரை. உறக்கத்துக்கு வேறொருவர் எழுதியது. இவை போதாமல், கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே மெடிக்கல் ஷாப்பில் தாமே கேட்டு வாங்கிய வலிமாத்திரை அட்டை. அதில் இரண்டுதான் மிச்சம்.

ஒவ்வொரு சீட்டும் தன்னளவில் குற்றமற்றது. சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகளில் சில, நெடுநாள் தொடர்ந்தால் மூளை தன் சமநிலையைத் தானே மீட்டுக்கொள்வதைத் தாமதப்படுத்தும். உறக்க மாத்திரை காலையில் மந்தத்தை விட்டுச் செல்கிறது. அந்த மந்தத்தை அவர் மறதி என்று எண்ணிப் பயப்படுகிறார். சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வலிமருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். தலைவலியால் உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டதால் எரிச்சல் வருகிறது, எரிச்சலில் வீட்டில் சச்சரவு, சச்சரவுக்கு அஞ்சி அறைக்குள் முடங்கல், முடங்கிக் கிடப்பதால் தலைசுற்றல் தீர வழியில்லை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை முதலில் அறுப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஆறு பேரில் ஒருவரிடமும் இல்லை.

பல்துறைக் குழு இதே ஹவில்தாரை எடுத்துக்கொள்ளும்போது முதலில் அந்தப் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்குகிறது. 22 தொல்லைகளை ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்திலிருந்து நான்கு வரை மதிப்பிடும், மொத்தம் 88 வரை போகக்கூடிய ஒரு வினாத்தாள் அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து நோயைக் கண்டறிவதில்லை. மூன்று வாரம் கழித்து எது குறைந்தது, எது அசையவில்லை என்று பார்ப்பதற்கே அது பயன்படுகிறது. அதன்பின் அவரிடமே கேட்கிறார்கள்: உங்களால் என்ன செய்ய முடிந்தால் தேறிவிட்டதாக நினைப்பீர்கள்? திருமண மண்டபத்தில் மேளச் சத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பார் ஒருவர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் வாந்தி வராமல் பேருந்தில் போய்வர வேண்டும் என்பார் இன்னொருவர். யூனிட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பார் வேறொருவர். குழுவின் திட்டம் அந்தக் குறிக்கோளிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது.

யார் என்ன செய்கிறார்கள்

குழுவுக்குப் பெரும்பாலும் மறுவாழ்வு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ தலைமை ஏற்கிறார். மாத்திரைகளைக் குறைப்பதும், உறக்கத்தையும் தலைவலியையும் முதலில் ஒரு கட்டுக்குள் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. உறக்கம் சீராகாத ஆளுக்கு மற்ற எந்தப் பயிற்சியும் ஒட்டாது என்பது இத்துறையில் உள்ளவர்களின் பொதுவான அனுபவம். உறக்கத்துக்கு மாத்திரையைவிட, எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது, உறக்கம் வராமல் படுக்கையில் புரளாதிருப்பது, பகல் தூக்கத்தைக் குறைப்பது என்று பழக்கத்தை மாற்றும் உளவியல் முறைக்கே முதலிடம் தரப்படுகிறது. பலத்த குறட்டை இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். கேன்டீனில் வாங்கிய சரக்கு உறக்கத்தைத் தருவதாகத் தோன்றும். உண்மையில் பின்னிரவு உறக்கத்தைக் கலைத்துவிடும். இதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவிருக்காது என்பதால், குழுவில் ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இயன்முறை மருத்துவரின் பங்கு, பலர் நினைப்பதைவிடப் பெரியது. தலைசுற்றலுக்குப் பல காரணங்கள் உண்டு. உட்காதில் தம் இடத்தில் இருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணப் படிகங்கள் அடிபட்ட அதிர்ச்சியில் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழலும். இதற்கு எப்ளி முறை என்ற ஒன்று உண்டு: ஆளைப் படுக்கவைத்து, தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி, படிகங்களைப் பழைய இடத்துக்கு நகர்த்துவது. பலருக்கு ஓரிரு அமர்விலேயே தீர்ந்துவிடும் தொல்லை இது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு இதைச் செய்துகொள்கிறவர்களுக்கு வியப்பும் கோபமும் சேர்ந்து வரும். படிகக் கோளாறு அல்லாத தலைசுற்றலுக்கு, கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடியே தலையை மட்டும் இடமும் வலமும் அசைப்பது போன்ற பயிற்சிகள் தரப்படுகின்றன. அப்போது சற்றுத் தலை சுற்றத்தான் செய்யும்; அந்தச் சுற்றலைப் பழக்கியெடுப்பதே பயிற்சியின் நோக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆள் மறுநாள் வரமாட்டார்.

கழுத்தும் அவரிடமே வருகிறது. தலை சுழலும் அளவுக்கு அடிபட்டால் கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் தப்புவதில்லை. பின்மண்டையில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் தலைவலியில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது.

ஓய்வைப் பற்றிய கருத்து கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறியிருக்கிறது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது இப்போது கைவிடப்பட்ட முறை. முதல் 24 முதல் 48 மணி நேரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாக இயங்கத் தொடங்குவதே நல்லது. நீடிக்கும் தொல்லையுள்ளவரை நடைப்பொறியில் மெல்ல மெல்லச் சரிவைக் கூட்டி நடக்கவைத்து, எந்த இதயத் துடிப்பில் தலைவலியோ சுற்றலோ கூடுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். ஜான் லெடி முதலானோர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வகுத்த சோதனை இது. அந்தத் துடிப்பில் 80 முதல் 90 விழுக்காட்டைத் தாண்டாமல் நாள்தோறும் 20 நிமிடம் போல நடக்கச் சொல்கிறார்கள். படைவீரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நன்றாக இருக்கும் நாளில் பழைய வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். நம் பக்கத்துக் கோடைக் கிணற்றில் இருக்கிற தண்ணீரையெல்லாம் ஒரே மூச்சில் இறைத்துவிட்டு, ஊறும்வரை மோட்டாரை நிறுத்திக் காத்திருப்பது போன்றது இது. ஊறும் அளவறிந்து இறைப்பவருக்குத்தான் கடைசி வயல்வரை பாயும்.

கண்ணைப் பொறுத்தவரை, பவர் இல்லை என்ற சீட்டு போதாது. பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது, ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரத்துக்கு வருமுன்பே அது இரண்டாகத் தெரிந்தால், இரு கண்களும் உள்நோக்கிக் குவிவதில் குறையிருக்கலாம். செய்தித்தாளில் நான்கு வரி படித்ததும் தலை வலிப்பதற்கு இது ஒரு காரணம். பயிற்சியால் பெரும்பாலும் சீராகக்கூடியது. வெளிச்சம் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தால், கண் இருட்டுக்கே பழகிக் கூச்சம் அதிகமாகும். மாந்தோப்பு வெயிலில் போட்டுக்கொள்ளலாம், கூடத்தில் வேண்டாம்.

காதில் இரைச்சலும் கேட்புக் குறைவும் வெடியை அருகில் கேட்டவர்களுக்கு மிகப் பொதுவானவை. கேட்பியல் வல்லுநர் அதைச் சோதிக்கிறார். காது சரியாகக் கேளாததால் பேச்சைத் தவறவிடும் ஒருவரை மறதிக்காரர் என்று வீட்டார் முத்திரை குத்திவிடுவதும் நடக்கிறது.

கவனத்துக்கும் நினைவுக்கும் பயிற்சி தருபவர்கள் உளவியல் வல்லுநர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர் ஆகியோர். இங்கே ஓர் ஆய்வு முடிவைச் சொல்லியாக வேண்டும். டெக்ஸாஸின் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில் 126 வீரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆறு வாரம் நடத்திய ஆய்வில், சிகிச்சையாளர் நேரில் அமர்ந்து கற்பித்தவர்களுக்கு அன்றாட வாழ்வில் கவனமும் நினைவும் கூடுதலாக முன்னேறின. கணினி விளையாட்டுப் போன்ற பயிற்சியை மட்டும் தாமே செய்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் தெரியவில்லை. மூளைக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் செயலிகளுக்குச் சந்தா கட்டுமுன் இதை நினைவில் கொள்ளலாம். நேரில் கற்பிக்கப்படுபவை எளியவை: செய்ய வேண்டியதை ஒரே நோட்டில் எழுதுவது, போனில் அலாரம் வைப்பது, ஒரு நேரத்தில் ஒரு வேலை, களைப்பு வருமுன் இடைவேளை.

மனநலச் சிகிச்சையைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். நிகழ்ந்ததைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் பேசி, தவிர்த்துவந்த இடங்களையும் ஒலிகளையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறைகள் தலைக்காயம் உள்ளவர்களுக்கும் பயன் தருகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எருது விடும் விழாவன்று வெடிக்கும் பட்டாசுக்கு உடல் உதறிப்போகிறவருக்கு, காதுக்குப் பஞ்சு மட்டும் போதாது.

இவர்கள் அனைவரையும் இணைத்துக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், செவிலியரோ சமூகப் பணியாளரோ, கட்டாயம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் குழுவில் இவரே முதன்மையானவர். நிபுணர்கள் பத்துப் பேர் இருந்து இவர் ஒருவர் இல்லாவிட்டால், மஞ்சள் பைதான் கொஞ்சம் பெரிதாகும்.

எங்கே, எப்படி நடக்கிறது

அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில் 2010இல் திறக்கப்பட்ட இன்ட்ரெபிட் மையம் இந்த முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நான்கு வாரம் வீரர் அங்கேயே தங்கியோ வந்துபோயோ, மேற்சொன்ன எல்லாத் துறையினரையும் ஒரே கூரையின்கீழ்ப் பார்க்கிறார். முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டித் தம் நிலையை வெளிப்படுத்தும் கலைச் சிகிச்சையும் அங்கே உண்டு. அதே நாட்டில், 2010இல் வந்த ஒரு விதிப்படி, களத்தில் வெடிப்பு நடந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்த ஒவ்வொருவரும், தமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும், பரிசோதனைக்கு உட்பட்டு 24 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். நான் நலமாக இருக்கிறேன் என்று சொல்லித் தோழர்களுடன் நிற்கவே வீரர் விரும்புவார் என்பதால், அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இது புத்திசாலித்தனமான விதி. 2020 ஜனவரியில் ஈராக்கின் ஐன் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, முதலில் எவருக்கும் காயமில்லை என்றே அறிவித்தார்கள்; பிறகு 100க்கும் மேற்பட்டோருக்குத் தலைக்காயம் கண்டறியப்பட்டது.

பெரிய செலவில் விற்கப்படும் ஒன்றையும் இங்கே எடைபோட வேண்டும். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் உட்காரவைக்கும் சிகிச்சையை 72 அமெரிக்கப் படையினரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களும் தேறினார்கள், அதே அறையில் பாவனைக்கு உட்காரவைக்கப்பட்டவர்களும் தேறினார்கள்; இரண்டுக்கும் வேறுபாடில்லை. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களே பின்தங்கினார்கள். நாள்தோறும் ஓரிடத்துக்குப் போவதும், அக்கறையோடு கவனிக்கப்படுவதும், தேறுவோம் என்ற எதிர்பார்ப்பும் தாமே ஒரு மருந்தாகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த மருந்துக்கு விலையுயர்ந்த அறை தேவையில்லை.

நம் மாவட்டங்களில் இப்படி ஒரே கூரையின்கீழ் அமைந்த மையத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் துறைகள் இருக்கின்றன. தர்மபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுக்கெனத் தனித் துறை இருக்கிறது. அது ஓசூர்ச் சாலையிலேயே இருப்பதால், கிருஷ்ணகிரியிலிருந்து போகும் பேருந்தில் ஊரின் நடுப்பகுதிக்குப் போகுமுன்பே இறங்கிக்கொள்ளலாம். தலைசுற்றல் உள்ளவரை சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் விடியற்காலையில் அழைத்துச் செல்வது நல்லது. பணியில் இருப்பவர் ராணுவ மருத்துவமனை வழியாகவே போக வேண்டும். பெங்களூரில் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனை உண்டு. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரருக்கு 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது, அதன் பாலிகிளினிக்கிலிருந்து பரிந்துரை பெற்று மேல் மருத்துவமனைக்குப் போகலாம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளில் பணிபுரிவோருக்கு ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப். என்ற தனித் திட்டம்.

வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஓர் அங்கம். உங்கள் வட்டாரத்தில் இவருக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்; படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என 2023 டிசம்பரில் புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப் பிரிவும் தொடங்கப்பட்டது.

குழு இல்லாத இடத்தில் இணைப்பவரின் வேலையை வீட்டில் ஒருவர் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது மனைவியாகவோ தம்பியாகவோ அமைகிறது. ஒரே கோப்பு, ஒரே மாத்திரைப் பட்டியல், தலைவலி வந்த நாட்களையும் விழுங்கிய மாத்திரைகளையும் குறிக்கும் ஒரு நாட்காட்டி. எந்த மருத்துவரிடம் போனாலும் முந்தையவர் எழுதியதை முதலில் காட்டுவது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ ஒருவரைத் தலைமை மருத்துவராக வைத்துக்கொண்டு, புதிய மாத்திரை எதையும் அவருக்குத் தெரியாமல் தொடங்காதிருப்பது. தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ நாட்காட்டியில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழைக்க வேண்டும்.

பலர் தொல்லையை மறைப்பதற்குக் காரணம் மெடிக்கல் கேட்டகரி பற்றிய அச்சம். மனநிலை, கேட்புத்திறன், கை கால், உடல்வலிமை, பார்வை ஆகிய ஐந்தையும் மதிப்பிடும் ஷேப் முறையில் தரம் இறங்கினால் பதவி உயர்வு பாதிக்கப்படுமே என்ற கவலை வெறும் கற்பனையன்று. ஆயினும் மறைப்பதால் இன்னொரு இழப்பு நேர்கிறது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் கோரும்போது, காயம் பணியினால் நேர்ந்தது அல்லது பணியினால் மோசமானது என்று காட்ட வேண்டும். அடிபட்ட காலத்தில் பதிவே செய்யாத தலைக்காயத்தைப் பல ஆண்டுகள் கழித்து நிறுவுவது மிகக் கடினம். ஆகவே விபத்து நடந்தவுடன் யூனிட்டில் எழுதப்படும் காய அறிக்கையின் நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மெடிக்கல் போர்டு தாள்கள் ஆகியவற்றைச் சிகிச்சைக் கோப்பிலேயே சேர்த்து வைக்க வேண்டும். எந்தத் தாள் இல்லை, அதை எந்த ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது என்பதைத் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் விசாரித்துக்கொள்ளலாம். போகும்போது, படையிலிருந்து ஓய்வுபெற்றவர் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் உடன் கொண்டுபோவது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.